ஏர்லெஸ் பெயிண்ட் பம்ப்: தேய்ந்த பேக்கிங், குண்டு, சீட் மாற்றும் முறை

காற்றைக் கலக்காமல் அதிக பிரஷரிலேயே பெயிண்டைத் தெளிக்கும் ஏர்லெஸ் ஸ்ப்ரே மெஷினில் பிரஷர் நிற்கவில்லை என்றால் உடனே பேக்கிங் (கசிவைத் தடுக்கும் வளையங்கள்) கிட் வாங்கி மாட்டிவிடுவது பலருடைய வழக்கம். சில நேரம் சரியாகிவிடும். பல நேரம் புதுக் கிட் போட்ட இரண்டாம் நாளே பழைய குறை திரும்பி வரும். டிப் (கன்னின் முனையில் பெயிண்ட் வெளிவரும் துளையுள்ள பாகம்) தேய்ந்திருக்கலாம், பிரைம் வால்வு (பெயிண்டை வாளிக்கே திருப்பிவிடும் வால்வு) உள்ளுக்குள் ஒழுகியிருக்கலாம், கோடு விழுந்த ராடின் (பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டும் தண்டு) மேலேயே புதுப் பேக்கிங்கை ஏற்றியிருக்கலாம். எது போயிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, பிறகு பம்பைத் திறந்தால் நேரமும் பாகங்களும் மிச்சம்.

இங்கே சொல்வதெல்லாம் பிஸ்டன் வகை ஏர்லெஸ் பம்புக்கு. டயாஃப்ரம் பம்பின் அமைப்பே வேறு. அதற்கு இது பொருந்தாது. மாடலுக்கு மாடல் நட்டின் அளவும் முறுக்கும் மாறும் என்பதால், டார்க் (முறுக்கும் விசை) எண்களை மட்டும் உங்கள் மெஷினின் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி வேலையின் வரிசையும் காரணமும் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

பம்பின் கீழ்முனையில் இன்லெட் வால்வு: ஒரு சீட் (குண்டு உட்காரும் வளையம்), அதன்மேல் ஒரு குண்டு. பிஸ்டனுக்குள் இன்னொரு சீட், இன்னொரு குண்டு. இது அவுட்லெட் வால்வு. சிலிண்டரின் மேல்வாயில் ராடைச் சுற்றி மேல் பேக்கிங். பிஸ்டனைச் சுற்றி கீழ் பேக்கிங். தேய்கிற பாகங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ராடு மேலே போகும்போது பிஸ்டன் குண்டு மூடிக்கொள்ளும், கீழே இன்லெட் குண்டு திறக்கும். வாளியிலிருந்து பெயிண்ட் உள்ளே ஏறும். அதே நேரத்தில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் பெயிண்ட் ஹோஸுக்குப் போகும். ராடு கீழே வரும்போது இன்லெட் குண்டு மூடும், பிஸ்டன் குண்டு திறக்கும். கீழறையில் இருந்த பெயிண்ட் பிஸ்டன் வழியாக மேலறைக்குப் போகும். மேலறையில் ராடு அடைத்துக்கொள்ளும் இடத்துக்குச் சமமான பெயிண்ட் வெளியே தள்ளப்படும். அதனால்தான் இரண்டு ஓட்டத்திலும் கன்னுக்குப் பெயிண்ட் கிடைக்கிறது.

இதில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. மேலே போகும்போது பிரஷரைத் தாங்குவது பிஸ்டன் குண்டும் கீழ் பேக்கிங்கும். கீழே வரும்போது தாங்குவது இன்லெட் குண்டு. நோய் கண்டுபிடிப்பது முழுக்க இதை வைத்துத்தான்.

திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் டிப். 517 என்று எழுதியிருந்தால் முதல் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும்: சுமார் 12 அங்குல தூரத்தில் 10 அங்குல விசிறி. மீதி இரண்டு எண்கள் துளையின் அளவு, 0.017 அங்குலம். டிப் தேயத் தேயத் துளை பெரிதாகும், விசிறி குறுகும், பெயிண்ட் அதிகம் போகும். பம்பால் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிரஷர் விழும். விசிறியின் அகலம் கால்பங்கு குறைந்துவிட்டால் அந்த டிப் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். புது டிப்பை மாட்டிப் பார்த்ததும் பிரஷர் திரும்பிவிட்டால் பம்பைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஃபில்டர்கள். கன் கைப்பிடிக்குள் ஒன்று, மெஷினில் மேனிஃபோல்டு ஃபில்டர் ஒன்று, உறிஞ்சும் குழாயின் அடியில் சல்லடை ஒன்று. கன்னிலோ மேனிஃபோல்டிலோ அடைப்பு இருந்தால் மெஷினில் பிரஷர் காட்டும், கன்னில் வராது. அடிச்சல்லடை அடைத்தால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பெயிண்ட் ஏறாது.

பெயிண்ட் ஏறாமல் போவதற்கு இன்னொரு காரணம் காற்று. உறிஞ்சும் குழாய் சேரும் இடத்தில் ஓ-ரிங் காய்ந்திருந்தாலோ நட் தளர்ந்திருந்தாலோ பம்ப் பெயிண்டுக்குப் பதில் காற்றை இழுக்கும். திரும்பும் குழாயில் விடாமல் குமிழி வரும். அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டியாகக் கிரீஸ் தடவிப் பாருங்கள். தடவியதும் ஏறினால் ஓ-ரிங்கை மாற்றினால் போதும். நாள்பட நிறுத்தி வைத்த மெஷின் என்றால் இன்லெட் குண்டு சீட்டோடு ஒட்டியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, உறிஞ்சும் குழாயைக் கழற்றி, கீழிருந்து மழுங்கிய பென்சிலால் குண்டை மெல்ல மேலே தள்ளினால் விட்டுவிடும்.

இவையெல்லாம் சரி என்றால் ராடைக் கவனிக்க வேண்டும். உறிஞ்சும் குழாயைப் பெயிண்டிலேயே வைத்து, பிரைம் வால்வை ஸ்ப்ரே நிலைக்கு மாற்றி, பிரஷரை ஏற்றி, டிரிகரை விட்டுவிடுங்கள். டிரிகரை விட்டதும் மோட்டார் ஓரிரு ஓட்டத்தில் நின்று, நின்றபடியே இருக்க வேண்டும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடி ஓடி நின்றால் எங்கேயோ உள்கசிவு இருக்கிறது. எங்கே என்பதை ராடு சொல்லும். பல தடவை டிரிகரை இழுத்து விட்டுப் பாருங்கள்.

எப்போதும் மேல்நோக்கிப் போகையில் நின்று, கீழே வருகிற ஓட்டத்தில் நிற்காமல் நழுவினால் இன்லெட் குண்டும் சீட்டும் ஒழுகுகின்றன. கீழே வருகையில் நின்று, மேலே போகையில் நழுவினால் பிஸ்டன் குண்டோ கீழ் பேக்கிங்கோ போயிருக்கிறது. இரண்டு ஓட்டத்திலும் நழுவினால் திரும்பும் குழாயின் முனையை வாளியிலிருந்து வெளியே எடுத்து ஒரு காலி டப்பாவில் விடுங்கள். ஸ்ப்ரே நிலையில் இருக்கும்போது அதிலிருந்து சொட்டினால் குற்றம் பிரைம் வால்வுடையது. பம்பைக் கழற்றாமலேயே அதை மாற்றிவிடலாம். ராடின் தலைப்பகுதியில், எண்ணெய் ஊற்றும் கிண்ணத்தில் பெயிண்ட் நிறம் தெரிந்தால் மேல் பேக்கிங். இதற்குச் சோதனையே வேண்டாம், கண்ணுக்குத் தெரியும்.

அடிக்கும்போது விசிறி ஒரு ஓட்டத்தில் நன்றாகவும் மறு ஓட்டத்தில் மெலிந்தும் துடிப்பதும் இதே கதைதான். ஏதோ ஒரு வால்வு மட்டும் தன் வேலையைச் செய்யவில்லை.

பிரஷரை இறக்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது

இந்த மெஷின்கள் பல 3,000 பி.எஸ்.ஐ. வரை, அதாவது 207 பார் வரை போகும். அந்த பிரஷரில் வரும் பெயிண்ட் தோலைத் துளைத்துச் சதைக்குள் பரவும். வெளியே ஒரு சின்ன ஊசிக் குத்து போலத்தான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். அதை நம்பி மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் விரலை இழக்கிறார்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், அதிக பிரஷரில் பெயிண்ட் உள்ளே ஏறியிருக்கிறது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்த வகைப் பெயிண்ட், என்ன தின்னர் என்பதையும் சொல்ல வேண்டும். அது அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடிய அவசரம்.

ஆகவே ஒவ்வொரு முறையும் இதே வரிசை. டிரிகர் லாக்கைப் போடுங்கள். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பிரஷர் குமிழைக் கடைசி வரை குறையுங்கள். லாக்கை எடுத்து, கன்னின் உலோகப் பகுதி எர்த் செய்த உலோக வாளியின் விளிம்பில் படும்படி வைத்து டிரிகரை இழுங்கள். மறுபடி லாக் போட்டுவிட்டு பிரைம் வால்வைத் திறந்து, வேலை முடியும் வரை அது திறந்தபடியே இருக்கட்டும். டிப்போ ஹோஸோ அடைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால், ஹோஸின் நட்டை மிக மெதுவாகத் தளர்த்திப் பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேவிட்ட பிறகே கழற்ற வேண்டும். மின்பகுதியின் மூடியையும் திறக்கப் போகிறீர்கள் என்றால், பிளக்கைப் பிடுங்கி 5 நிமிடம் காத்திருங்கள். உள்ளே கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கழுவும் திரவத்திலும் கவனம் வேண்டும். தண்ணீர் பெயிண்டுக்குத் தண்ணீர், எண்ணெய்ப் பெயிண்டுக்கு அதற்கான தின்னர். மெத்திலீன் குளோரைடு போல ஹாலஜன் கலந்த கரைப்பான்களை ஒருபோதும் ஊற்றக் கூடாது. பம்பிலும் ஹோஸ் இணைப்புகளிலும் அலுமினியம் இருந்தால் இரண்டும் வினைபுரிந்து வெடிக்கும் அபாயம் உண்டு. பிளீச்சும் வேண்டாம்.

பம்பைக் கழற்றுதல்

தேவையான சாமான்கள்: பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இரண்டு, தட்டை ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் சுத்தியல், சாதாரண சுத்தியல், வைஸ், டார்க் ஸ்பேனர், தாமிர அல்லது அலுமினியத் தகடு (வைஸ் தாடைக்கு), நைலான் பிரஷ், கிரீஸ், உங்கள் மாடலுக்கான கிட். தோல் பேக்கிங் உள்ள கிட் என்றால் பம்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தத் தோல் வளையங்களை எஸ்.ஏ.இ. 30 எண்ணெயில் ஊறப் போட்டுவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம். பம்பைக் கழற்றிக் கழுவி முடிப்பதற்குள் அது ஊறிவிடும். உலர்ந்த தோலை அப்படியே மாட்டினால் முதல் சில ஓட்டங்களிலேயே சூடாகி விளிம்பு சுருண்டுவிடும். வெள்ளை அல்லது நீல நிறத்தில் வரும் பிளாஸ்டிக் வளையங்களை ஊறவைக்க வேண்டியதில்லை.

பம்பை நன்றாகக் கழுவி, மோட்டாரைச் சிறிது சிறிதாக ஓட விட்டு ராடைக் கீழ் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பிரஷரை இறக்கி பிளக்கைப் பிடுங்குங்கள். உறிஞ்சும் குழாயையும் வெளியேறும் ஹோஸையும் கழற்றுங்கள். முன்மூடியைத் திறந்தால் ராடின் தலை மேலே இணைத்திருக்கும் இடம் தெரியும். ஒரு வகையில் குறுக்கே ஒரு பின், அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் வளையம். ஸ்க்ரூடிரைவரால் வளையத்தை மேலே நெம்பிவிட்டுப் பின்னைத் தள்ளி எடுக்க வேண்டும். இன்னொரு வகையில் ராடின் தலை ஒரு பள்ளத்தில் செருகியிருக்கும், பின் கிடையாது. பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்களைத் தளர்த்தி முன்னால் இழுத்தால் வந்துவிடும். பின் உள்ள வகையில் பெரிய லாக் நட் ஒன்று இருக்கும். அதன் காதில் சுத்தியலால் தட்டித் தளர்த்திவிட்டுப் பம்பைக் கையால் சுற்றிக் கழற்றலாம்.

பம்பை வைஸில் பிடிக்கும்போது வெளிக்கூட்டின் தட்டையான பகுதியில் மட்டும் பிடியுங்கள். கீழே இன்லெட் வால்வைக் கழற்றுங்கள். குண்டும் சீட்டும் ஓ-ரிங்கும் அதோடு வரும். குண்டு உருண்டு ஓடிவிடாமல் அடியில் துணி விரித்துக்கொள்ளுங்கள். மேல் பேக்கிங் நட்டைத் தளர்த்திவிட்டு, ராடின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக் கீழ்வழியாக வெளியே எடுங்கள். இரும்புச் சுத்தியலால் அடித்தால் ராடின் முனை விரிந்து, பிறகு புதுப் பேக்கிங்கைக் கிழிக்கும்.

மேல் பேக்கிங் செட்டைக் கீழிருந்து ஒரு மரக்குச்சியால் தள்ளி எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுக் கிளறினால் பேக்கிங் உட்காரும் சுவரில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகவே பெயிண்ட் ஒழுகும். வெளியே வந்ததையெல்லாம் வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையையும் பாருங்கள்: ஐந்து வளையம் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் வந்திருக்கிறது என்றால் ஒன்று இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்த பெயிண்டின் நிறத்திலேயே இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அதன்மேல் புது செட்டை அடுக்கினால் நட் முழுதாக இறங்காது. ஏன் இறங்கவில்லை என்று புரியாமல் ஸ்பேனரால் பலமாக முறுக்கி நட்டின் மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

எதை மாற்ற வேண்டும், எதை விடலாம்

எல்லாவற்றையும் காய்ந்த பெயிண்ட் துளிகூட இல்லாமல் கழுவித் துடைத்த பிறகே பரிசோதிக்க முடியும்.

ராடு: அதன் குரோம் பளபளப்பில் நகத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அந்த ராடு போயிற்று. பேக்கிங் ஓடிய பகுதி மங்கி, குரோம் போய் உள்ளிருக்கும் உலோகம் மஞ்சளாகவோ சாம்பலாகவோ தெரிந்தாலும் அப்படித்தான். மணல்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்ற யோசனை வேண்டாம். தேய்த்தால் குரோம் இன்னும் மெலியும், ராடின் வட்டமும் கெடும். கிட்டை மிச்சப்படுத்த வேண்டுமானால் கோடு விழுந்த ராடை மாற்றியே ஆக வேண்டும். இந்த இடத்தில் கஞ்சத்தனம் செய்தால் ஒரு ராடின் விலைக்கு இரண்டு மூன்று கிட் செலவாகும்.

சிலிண்டர்: வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். நீளவாக்கில் கோடுகள் தெரிந்தால் மாற்ற வேண்டும். உள்ளே தனியாக ஸ்லீவ் (உள்குழாய்) உள்ள மாடலில் ஸ்லீவை மட்டும் மாற்றலாம். சில ஸ்லீவ்களின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும். தேய்மானம் ஒரு முனையில் மட்டும் என்றால் புரட்டிப் போட்டு இன்னொரு காலம் ஓட்டலாம்.

குண்டும் சீட்டும்: நல்ல சீட்டில் குண்டு உட்காரும் இடம் மெல்லிய, ஒரே அகலமான வட்டக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு ஒரு பக்கம் அகன்றோ நடுவில் அறுந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் ஒழுகுகிறது. சந்தேகம் இருந்தால் சீட்டைக் கையில் பிடித்து, குண்டை வைத்து, மேலே கொஞ்சம் தின்னர் ஊற்றிப் பாருங்கள். அடியில் சொட்டினால் விடை கிடைத்துவிட்டது. கடினமான கார்பைடு சீட் சில மாடல்களில் இருபுறமும் பயன்படும். புரட்டிப் போட்டால் புது முகம் கிடைக்கும். குண்டை மட்டும் பழையதையே போடாதீர்கள். கிட்டில் புதுக் குண்டு வருவதே தேய்ந்த குண்டு புதுச் சீட்டையும் கெடுத்துவிடும் என்பதால்தான். இன்லெட் குண்டு பெரிது, பிஸ்டன் குண்டு சின்னது; மாற்றி வைத்தால் பம்ப் இழுக்கவே இழுக்காது. குண்டு அதிகமாக எழாமல் தடுக்கும் கூண்டையும் பாருங்கள். அதன் கால்கள் தேய்ந்து போனால் குண்டு தூரம் போய்த் தாமதமாக மூடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் பெயிண்ட் வாளிக்கே திரும்பும்.

ஓ-ரிங்கில் ஆராய்ச்சி வேண்டாம். கழற்றிய எல்லா ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள்.

பேக்கிங் அடுக்கும் முறை

வேலையில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பேக்கிங் வளையத்தைக் குறுக்கே வெட்டினால் வி வடிவமாக இருக்கும். அதன் திறந்த வாய் பிரஷர் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பிரஷர் வாய்க்குள் புகுந்து இரண்டு உதடுகளையும் விரித்து, ஒன்றை ராடோடும் மற்றொன்றைச் சுவரோடும் அழுத்தும். எவ்வளவு பிரஷரோ அவ்வளவு இறுக்கம். திருப்பிப் போட்டால் அதே பிரஷர் உதடுகளை மடக்கிவிட்டு ஒழுகும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

பிரஷர் நிற்பது மேல் பேக்கிங்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள அறையில். ஆகவே மேல் பேக்கிங்கின் வாய் கீழே பார்க்கும். கீழ் பேக்கிங்கின் வாய் மேலே பார்க்கும். இரண்டு செட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும்.

ஒவ்வொரு செட்டின் இரு முனையிலும் ஓர் உலோக வளையம் வரும். ஒன்றில் மேடு, மற்றொன்றில் பள்ளம். மேடு உள்ள வளையம் பேக்கிங்கின் திறந்த வாய்க்குள் பொருந்தும்; பள்ளம் உள்ளது அதன் முதுகைத் தாங்கும். அதனால் சிலிண்டருக்குள் மேல் செட்டை அடுக்கும்போது அடியில் மேடு வளையம், அதன்மேல் வாய் கீழ்நோக்கிய பேக்கிங்குகள், உச்சியில் பள்ள வளையம். பிஸ்டனில் இதற்குத் தலைகீழ்: அடியில் பள்ள வளையம், வாய் மேல்நோக்கிய பேக்கிங்குகள், மேலே மேடு வளையம். தோலும் பிளாஸ்டிக்கும் கலந்து வரும் கிட்டில் இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பார்கள். எதில் தொடங்குவது என்பதைக் கிட்டோடு வரும் படத்தில் பாருங்கள்.

பிஸ்டனைக் கழற்ற ராடை வைஸில் பிடிக்க வேண்டியிருந்தால், ஸ்பேனர் போடுவதற்கென்று விட்டிருக்கும் தட்டையான இடத்தில் மட்டும், தகடு வைத்துப் பிடியுங்கள். பேக்கிங் ஓடும் குரோம் பகுதியில் வைஸ் பட்டால் அதோடு ராடு முடிந்தது. பிஸ்டன் வால்வின் மரையில் சில மாடல்களில் நிறம் பூசிய ஒட்டு இருக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது. ஓடும்போது மரை தளராமல் பிடிப்பதே அந்தப் பூச்சுதான். பூச்சு இல்லாத மாடலில் புத்தகம் சொல்லும் லாக்கிங் பசையைப் போட்டு, காய நேரம் கொடுங்கள். இந்த ஒரு மரையை மட்டுமாவது டார்க் ஸ்பேனரால், சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே கழன்றால் சிலிண்டரையும் சேர்த்து நாசமாக்கும்.

சேர்த்து மாட்டுதல்

மேல் செட்டைச் சிலிண்டரில் இறக்கி, நட்டைக் கையால் நாலைந்து சுற்று மட்டும் போட்டு நிறுத்துங்கள். இப்போதே இறுக்கினால் ராடு புகாது. ராடு முழுக்கவும் கீழ் பேக்கிங்கின் வெளிவிளிம்பிலும் கிரீஸ் தடவுங்கள். கிட்டோடு கூம்பு வடிவக் குல்லா ஒன்று வந்திருந்தால் அதை ராடின் தலையில் மாட்டிக்கொள்ளுங்கள். ராடு முனையின் விளிம்பு புதுப் பேக்கிங்கின் உதட்டை வெட்டாமல் இருக்கத்தான் அது. கீழ்வழியாக ராடை நேராக நுழைத்து, லேசாகச் சுற்றிக்கொண்டே மேலே தள்ளுங்கள். கீழ் பேக்கிங் சிலிண்டர் வாயில் நுழையும் கணத்தில் ஓர் உதடு வெளியே மடங்கி நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். மடங்கினால் பின்னால் இழுத்து, விரலால் உள்ளே அழுத்திவிட்டு மறுபடி தள்ளுங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டலாம். பலமாக அடிக்க வேண்டி வந்தால் எதுவோ கோணலாக இருக்கிறது.

இன்லெட்டில் புது ஓ-ரிங், சீட், குண்டு, கூண்டு என்ற வரிசையில் வைத்து முறுக்குங்கள். பிறகு மேல் நட். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கடைசி வரை இறக்கி நிறுத்துவது. பேக்கிங்கின் அழுத்தம் ஏற்கெனவே கணக்கிட்டு வைக்கப்பட்டது. இன்னொன்று பழைய வகை, அவ்வப்போது சரிசெய்வது. அதில் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அதிகம் இறுக்கினால் பேக்கிங் ராடைக் கவ்விப் பிடித்துச் சூடேறி, சீக்கிரமே தேயும்.

பம்பை மெஷினில் திருகும்போது வெளியேறும் துளை சரியான திசையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ராடின் துளையும் இணைப்பின் துளையும் நேராக வந்ததும் பின்னை முழுதாக உள்ளே தள்ளி, ஸ்பிரிங் வளையம் தன் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதி வெளியே நிற்கும் பின் ஓட்டத்தில் நழுவி முன்கூட்டை உடைக்கும். லாக் நட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கி, கிண்ணத்தில் பேக்கிங் ஆயிலை விட்டு நிரப்புங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டம் தண்ணீரில், மிகக் குறைந்த பிரஷரில், பிரைம் நிலையில். காற்றெல்லாம் வெளியேறியதும் ஸ்ப்ரே நிலைக்கு மாற்றி, பிரஷரைப் படிப்படியாக ஏற்றுங்கள். டிரிகரை விட்டதும் மோட்டார் நின்று நின்றபடி இருந்தால் வேலை சரி. தண்ணீர் பெயிண்டைவிட மெலிது என்பதால் அதில் நிற்கும் பம்ப் பெயிண்டிலும் நிற்கும். நழுவினால் மேலே சொன்ன ராடு சோதனையை மறுபடி செய்யுங்கள். கீழிறங்கும்போது நழுவல் என்றால் இன்லெட் சீட்டில் ஒரு தூசி சிக்கியிருக்கலாம். கழற்றிக் கழுவிப் போட்டால் போதும். மேலேறும்போது நழுவல் என்றால் கீழ் பேக்கிங்கின் உதடு மடங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

சரிசெய்யும் வகை நட் உள்ள பம்பை முதல் ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு, பிரஷரை இறக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். புதுப் பேக்கிங் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் திணறினாலோ நின்று நின்று ஓடினாலோ பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ். பிரஷ் உள்ள டி.சி. மோட்டாரில் அது அரை அங்குலத்துக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து, ஸ்பிரிங்கோடு மாற்றுங்கள்.

அடுத்த கிட் வரைக்கும்

பேக்கிங்கைத் தின்பது பெயிண்டில் உள்ள கடினமான தூள்களும் சூடும்தான். திறந்து கிடந்த பெயிண்டை வடிகட்டாமல் ஊற்றினால் காய்ந்த ஏடுகள் குண்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கும். நைலான் பையில் வடித்து ஊற்றுங்கள். எமல்ஷனுக்கு 60 மெஷ் ஃபில்டர், வார்னிஷ், லாக்கர் போன்ற மெல்லியவற்றுக்கு 100 மெஷ். வாளி காலியாகிப் பம்ப் வெறுமனே ஓடினால் பேக்கிங்குக்கு ஈரம் கிடைக்காது. உள்ளே பெயிண்ட் இருந்தால்தான் பேக்கிங் குளிரும். அதனால் வாளியில் பெயிண்ட் குறைவதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

கிண்ணத்தில் பேக்கிங் ஆயிலை ஒவ்வொரு நாள் வேலைக்கும் முன்பு சில சொட்டு விடுங்கள். ராடோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும் மெல்லிய பெயிண்ட் படலத்தைக் காயவிடாமல் அது வைத்திருக்கும். காய்ந்த படலம் ஒவ்வொரு ஓட்டத்திலும் பேக்கிங்கைச் சுரண்டும்.

வேலை முடிந்து கழுவும்போது பிரைம் குழாயிலும் கன்னிலும் சுத்தமான நீர் வரும் வரை விடாமல் ஓட்டுங்கள். மெஷினை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீரோடு விடக் கூடாது. சீட்டும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும், உறையும் குளிரில் கூடே வெடிக்கும். மினரல் டர்பன்டைனோ பம்பைப் பாதுகாக்க விற்கும் திரவமோ உள்ளே நிரப்பி, ராடைக் கீழ் நிலையில் நிறுத்தி, பிரஷரை இறக்கி, கிண்ணத்தில் எண்ணெய் நிறைந்திருக்கும்படி எடுத்து வையுங்கள்.